கணித்ததும் கண்டதும்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் உண்டு. தாத்தா காலத்திலிருந்து வருவது வாக்கியம். மருமகள் வந்த பிறகு சேர்ந்தது திருக்கணிதம். கும்பத்துக்குச் சனிப்பெயர்ச்சி 2023 ஜனவரி 17 என்றது திருக்கணிதம். வாக்கியமோ டிசம்பர் 20 என்றது. ஒரே சனிக்குப் பதினொரு மாத வித்தியாசம். திருநள்ளாற்றுக் கூட்டம் டிசம்பரில்தான் திரண்டது.

வாக்கியக்காரர்களின் பலம் மனப்பாடம். சந்திரனுக்கு மட்டும், நாளுக்கொன்றாக அதன் இடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்கள். பூமிக்கு அருகே வந்து விலகி மீண்டும் நெருங்கும் சந்திரனின் ஒன்பது சுற்றுக்கு ஏறத்தாழ அத்தனை நாள். புதுச்சேரியில், 1825-இல் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஐரோப்பிய வானியலாளர் ஜான் வாரன் முன்னிலையில் சந்திர கிரகணம் கணித்தார். எழுதுகோல் இல்லை, ஏடு இல்லை. தரையில் பரப்பிய சோழிகளும் நெஞ்சில் நின்ற வாக்கியங்களும்தான். தொடக்கம் 4 நிமிடம் பிசகியது. நடுப்பொழுது எதிர்ப்பக்கம் 23 நிமிடம், முடிவு அதே பக்கம் 52 நிமிடம். சோழிக் கணக்கை வியந்து எழுதுகிறவர்கள் இந்த மூன்று எண்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அவைதான் முக்கியம். பிழை ஒரே சீராக ஒரு பக்கம் நகர்கிறதென்றால், கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதை உணர்ந்தவர். சூரியன் முன்னால் வெள்ளி செல்லும் 1874-இன் கடப்பைப் பற்றி நூல் எழுதிய அவர், கண்ணால் கண்டதற்கு ஏற்பக் கணக்கைத் திருத்து என்ற திருக்கணிதக் கட்சி.

இன்றைய வானியலாளரும் அந்தக் கட்சிதான். தொலைதூர விண்மீன் ஒன்றின் முன்னால் அதன் கோள் கடக்கும்போது வெளிச்சம் துளி மங்கும். அடுத்த கடப்பு எப்போது என்று கணித்து வைத்து, கண்ட நேரத்திலிருந்து கழிக்கிறார்கள். மிச்சம் முன்னும் பின்னும் ஊசலாடினால், பக்கத்தில் இன்னொரு கோள் இழுக்கிறது என்று பொருள். கெப்ளர்-9 விண்மீனின் இரண்டு கோள்கள் ஒன்றையொன்று இழுப்பது 2010-இல் இப்படித்தான் பிடிபட்டது. வாஸ்ப்-12பி என்ற கோளின் கதை வேறு. ஊசலாட்டம் இல்லை, ஒரே பக்கமாக முந்துகிறது. ஒரு நாளும் இரண்டு மணிச் சொச்சமுமான அதன் சுற்று, ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மில்லி விநாடி குறைகிறது. அற்பம்தான், ஆனால் சுற்றுக்குச் சுற்று சேர்ந்து, பத்தாண்டில் கடப்பு சுமார் 8 நிமிடம் முந்திவிடும். கோள் தன் விண்மீனை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கோளை நம்மவர்களும் பார்த்திருக்கிறார்கள். இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த அரித்ர சக்கரவர்த்தியும் சுஜன் சென்குப்தாவும் ஹன்லே, காவலூர் தொலைநோக்கிகளால் ஐந்து கோள்களின் கடப்பை அளந்து 2019-இல் வெளியிட்டார்கள். வாஸ்ப்-12பி அதில் ஒன்று. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகச் செங்கம் போனால் வடக்கே தெரியும் ஜவ்வாது மலையில்தான் அந்தக் காவலூர் இருக்கிறது.

அடுத்த சந்திர கிரகணத்தன்று உங்கள் வீட்டுப் பஞ்சாங்கம் போட்ட நேரத்தையும், மொட்டை மாடியில் நின்று நீங்கள் கண்ட நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் மறக்காமல் குறியுங்கள்.