திருவெண்காட்டு ரிஷபவாகனரும் காணாத காளையும்

திருவெண்காட்டு ரிஷபவாகனர் என்பது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள சோழர் காலச் செப்புத்திருமேனி ஆகும். குத்தாலம், மயிலாடுதுறை, சீர்காழி எனத் தொடரும் காவிரிக் கடைமடைப் பகுதியில், பூம்புகாரை அடுத்த திருவெண்காட்டில், 1950களின் தொடக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து இது கிடைத்தது. அவ்வூர்க் கோயில் கல்வெட்டைக் கொண்டு இதன் காலம் முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1011 எனவும், உமையின் படிமம் அடுத்த ஆண்டைச் சேர்ந்தது எனவும் கொள்வர். சிவனும் உமையும் கிடைத்தனர். காளை கிடைக்கவில்லை.

பெருமான் கால்களைக் குறுக்கிட்டு, பாம்புகள் சுற்றிய சடையைத் தலைப்பாகைபோல் முடித்து நிற்கிறார். மடங்கிய ஒரு கை காளையின்மேல் ஊன்றுவதற்காக வார்க்கப்பட்டது. இன்று அது வெட்டவெளியில் நிற்கிறது. இச்சிற்பத்தைப் புகழும் எழுத்துகள் பலவும் அந்தக் கையின் எளிமையிலேயே மயங்குகின்றன. அந்த எளிமையில் பாதி, இழப்பு தந்தது. சிற்பி கணக்கிட்டது மெல்லிய உடலையும் அதன் பக்கத்தில் பருத்த விலங்கையும் சேர்த்து. நாம் காண்பதோ தனியே நிற்கும் இளைஞனை. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உடலின் பாரம் முழுவதையும் காலே தாங்குகிறது. கை காளையைத் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கும். காளை இருந்திருந்தால் இந்த நுட்பம் கண்ணில் பட்டிருக்காது.

இதற்கு நேர்மாறான ஒன்று இங்கிலாந்தில் உண்டு. 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்சன் ஊரில், மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியவருக்கு உரோமப் புதையல் ஒன்று தட்டுப்பட்டது. சுமார் 15,000 காசுகளுடன் வெள்ளியாலான பெண்புலி ஒன்றும் அதில் இருந்தது. அது ஒரு பெரிய பாத்திரத்தின் கைப்பிடி. பாத்திரம் அங்கே இல்லை. கண்டவர் முழுவதையும் தானே தோண்டாமல் தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்ததால், புலி பாத்திரத்திலிருந்து கழன்ற நிலையிலேயே புதைக்கப்பட்டது என்று சொல்ல முடிகிறது.

திருவெண்காட்டுக் காளை புதைக்கும் முன்பே பிரிந்ததா, பின்னரா? சிலையைப் பார்த்து இதைச் சொல்ல இயலாது. குழிதான் சொல்ல வேண்டும். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. பொருளின் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை அது கேட்கிறது. எந்தப் பொருள் எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று கேட்பதில்லை. வயலில் நாளை ஒரு வெண்கலக் காளை கிடைத்தால் அது பட்டியலில் 'நந்தி' என்றே பதிவாகும். அதன் திமிலின் உயரத்தைத் தஞ்சாவூரில் உள்ள கையின் உயரத்தோடு யாராவது அளந்து பார்த்தால்தான் உண்டு.