பாட்டுக்குள் பதிந்த காலம்: தங்கவயலும் உழைப்பாளர் நாட்டுப்பாடல்களும்

நாட்டுப்பாடலைக் கட்டியவர் பெயர் கிடைப்பதில்லை. அது பிறந்த ஆண்டும் கிடைப்பதில்லை. ஆனால் அதில் புழங்கும் பேச்சுச் சொற்கள், எந்த மண்ணில், எந்தத் தொழிலுக்கு நடுவே அது உருவானது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இலங்கை மலையகப் பாடல்களை நாம் அப்படித்தான் படித்துப் புரிந்துகொண்டோம். நூறு ஆண்டுகளுக்கு மேல் தமிழர்கள் தங்கம் வெட்டிய, கர்நாடகத்தின் கோலார் தங்கவயலின் பாடல்களுக்கும் அதே கவனம் கிடைத்தாக வேண்டும்.

கோப்பி என்னும் சான்று

மலையகத்தில் பலரும் அறிந்த ஒரு பாடல், கோப்பிக் (காப்பிக்) கன்று நட்ட மலையையும் அங்கே அண்ணனைப் பறிகொடுத்த துயரத்தையும் ஒன்றாகச் சொல்கிறது. பாடலில் தேயிலை இல்லை. இலங்கையின் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் 1869இல் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து, மலையெங்கும் தேயிலை வந்துவிட்டது. ஆக, தேயிலைக் கொழுந்து கிள்ளிய தலைமுறைகளும் தங்கள் பாட்டன் பூட்டன் காலத்துச் சொல்லை மாற்றாமல் பாடிவந்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல் இல்லையென்றால் பாடலின் வயதை ஊகிக்க வழியே இல்லை.

தோட்டப் பேச்சு முழுவதும் இத்தகைய பதிவுகள்தாம். பெரட்டு (காலை ஆளெடுப்பு), கவ்வாத்து (செடி கத்தரிப்பு), லயம் (வரிசைக் குடியிருப்பு), கங்காணி (மேற்பார்வையாளர்) ஆகியவை வெறும் பெயர்கள் அல்ல. ஒரு நிர்வாக முறையின் உறுப்புகள். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்குப் பாதி நாள் கூலி மட்டும் போடுவதற்கு 'அரைப்பேர்' என்று பெயர். ஒரு நாள் உழைப்பை ஒரு 'பேர்' என்று எண்ணிய கணக்குமுறை அச்சொல்லில் அப்படியே நிற்கிறது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை இப்பாடல்களைத் தொகுத்தபோது இந்தப் பேச்சைக் காப்பாற்றியதுதான் அவர் செய்த பெரும் பணி.

வேலைநிறுத்தத்திலிருந்து தேசியப் பாட்டுக்கு

ஆஸ்திரேலியர்கள் நெஞ்சோடு வைத்திருக்கும் 'வால்ட்சிங் மெட்டில்டா'வின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது. 1895இல் குவீன்ஸ்லாந்தின் டாக்வர்த் பண்ணையில், கிறிஸ்டினா மெக்ஃபர்சன் வாசித்த மெட்டுக்கு பாஞ்சோ பேட்டர்சன் சொற்களை எழுதினார். மெட்டு, கிறிஸ்டினா முந்தைய ஆண்டு ஒரு குதிரைப் பந்தயத்தில் கேட்டது. 1894இல் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் அதே பண்ணையின் கொட்டகை எரிக்கப்பட்டிருந்தது. ஓர் ஆட்டைத் திருடிய நாடோடித் தொழிலாளி, போலீசிடம் பிடிபடாமல் நீரில் குதித்து உயிர்விடுவதே பாடலின் கதை. அதில் செம்மறிக்கும் தேநீர்க் குவளைக்கும் நாடோடிகளின் வழக்குச் சொற்களே வருகின்றன. நகரத்து ஆங்கிலத்துக்கு அவற்றை மாற்றியிருந்தால், அந்தப் பாடலின் பூர்வீகத்தை ஆய்வாளர்கள் இவ்வளவு நுணுக்கமாகத் தேடிப் போயிருக்க முடியாது.

தொகுப்பாளர்கள் வந்த வழி

தென்னாட்டுப் பாடல்களைத் தொகுத்த முன்னோடிகளில் ஒருவரான சார்லஸ் கோவர், 1871இல் தம் நூலை வெளியிட்டார். பாடல்களை ஆங்கிலச் செய்யுளாக்கியே தந்தார்; திருக்குறளுக்கும் அதில் ஓர் இயல் உண்டு. கருத்து கிடைத்தது, பேச்சு போய்விட்டது. ஆட்சிப்பணி அதிகாரி பெர்சி மாக்வீன் சேர்த்துவைத்த பாடல்களை கி. வா. ஜகந்நாதன் 1958இல் 'மலையருவி'யாகப் பதிப்பித்தபோது, தமிழ்ப் பாடல் தமிழிலேயே நின்றது. நா. வானமாமலை 1964இல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' இன்னும் ஒரு படி மேலே போய், பாடலை அதைப் பாடிய மக்களின் வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. எஸ். எஸ். போத்தையா போன்ற நெல்லைச் சேகரிப்பாளர்களின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. சேகரிப்பவர் எங்கே இருந்தாரோ அந்த வட்டாரமே நமக்கு அதிகம் கிடைத்தது.

தங்கவயலின் சொற்கள்

கோவர் நூல் வந்த 1871ஆம் ஆண்டில்தான் மைக்கேல் லெவல் கோலார்ப் பக்கம் தங்கம் தேடி வந்தார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கப் பொறுப்பை ஏற்றது. வடார்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குடும்பங்கள், மாரிக்குப்பத்துக்கும் சாம்பியன் ரீஃபுக்கும் வந்து சேர்ந்தன. அவர்கள் கொண்டுவந்தது வடதமிழ்நாட்டுப் பேச்சு. 'இன்னா', 'வந்துகினு', 'கீறான்' என்று ஒலிக்கும் தமிழ். பக்கத்தில் கன்னடமும் தெலுங்கும், சுரங்கத்துக்குள் ஆங்கிலம். அச்சில் ஏற்றும்போது 'இன்னா'வை 'என்ன' என்று திருத்தினால், பாடியவர் எந்த ஊர்வழி வந்தவர் என்ற தகவல் அங்கேயே அழிந்துபோகும்.

இங்கும் சொற்களுக்குக் காலம் உண்டு. 'கம்பெனி' ஆட்சி 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசிடம் வந்ததோடு முடிந்தது. 'கரண்ட்' 1902இல் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து வந்தது. 1930 வேலைநிறுத்தம் கைரேகைப் பதிவை எதிர்த்து நடந்தது. பாறை திடீரென வெடித்துச் சிதறுவதைச் சுரங்கத்தில் 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். இவற்றில் ஒரு சொல் ஒரு பாடலில் வந்தால், அப்பாடலின் காலத்தை நெருங்க ஒரு பிடி கிடைக்கிறது.

ஒப்பாரியில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தமிழ்நாடெங்கும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் 'தங்கம்' அன்பின் வாடிக்கையான விளி. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே தங்கம் வெட்டப் போய்த் திரும்பாத கணவனை, தூசியால் நுரையீரல் கெட்டுச் செத்த தகப்பனை, அதே சொல்லால் ஒரு பெண் அழைக்கும்போது அது வாடிக்கைச் சொல்லாகவே இருக்கிறதா, பொருள் கனத்துவிடுகிறதா? தங்கவயலில் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி இது. தாளில் வந்த வரிகளை வைத்துப் பதில் சொல்ல முடியாது. பாடும் பெண்களிடமே கேட்க வேண்டும்.

இந்த ஊருக்கு எழுத்து மரபு குறைவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் 1920களில் ஜி. அப்பாதுரையார் கையில் இங்கிருந்து மீண்டும் வந்தது. சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. ஒடுக்கப்பட்டோர் நல்ல தமிழில் வாதாடி நிமிர்ந்த ஊர் இது. அந்த மரபுக்குத் தரும் மரியாதையை வீட்டுப் பேச்சுக்கும் பாட்டுக்கும் தருவதால் அதன் பெருமை கூடுமே தவிரக் குறையாது.

செய்ய வேண்டியது

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று ஐம்பது வயதில் வேலை இழந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஷாஃப்ட் (சுரங்கக் குழி), கேஜ் (ஆளிறக்கும் கூண்டு), ஸ்டோப் (தாது வெட்டும் இடம்) என்ற சொற்கள் அவர்கள் வாயில் புழங்குவதில்லை. ஆகவே பாட்டை மட்டும் பதிவுசெய்தால் போதாது. பாடியவரின் பூர்வீக ஊர், வீட்டார் வேலைசெய்த சுரங்கம், குடியிருந்த லைன் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), பாடலில் வரும் தொழிற்சொல்லுக்கு அவரே சொல்லும் விளக்கம் ஆகியவற்றையும் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். உச்சரிப்பைத் திருத்தக் கூடாது. கலந்துவரும் கன்னட, தெலுங்குச் சொற்களைக் களையக் கூடாது. பதிவுக்கருவி எல்லார் கையிலும் இருக்கிறது. பாடுபவரைத் திருத்தாமல் கேட்கும் பயிற்சியைத்தான் தமிழ்த்துறைகள் தங்கள் மாணவர்களுக்குத் தர வேண்டும். அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.