பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும் முதலிடம்

பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறது: இதுவரை வந்த படங்களில் தலைசிறந்த பத்து எவை? ஒவ்வொருவரும் பத்துப் படங்களைச் சொல்ல வேண்டும். பத்துக்கும் ஒரே மதிப்புதான். முதலில் எழுதிய படத்துக்குக் கூடுதல் புள்ளி கிடையாது. ஆகவே முதலிடம் பெறும் படம், பெரும்பாலோர் 'இதற்கு மேல் ஒன்றில்லை' என்று தீர்ப்பளித்த படம் அல்ல. அதிகம் பேருடைய பத்தில் இடம்பெற்ற படம், அவ்வளவுதான். இதை மறந்துவிடுவதால்தான் பாதிச் சண்டைகள் எழுகின்றன. 2012இல் முதலிடம் பெற்ற ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வுக்குக் கிடைத்தவை 191 வாக்குகள். வாக்களித்தவர்களோ 846 பேர். முக்கால்வாசிப் பேருக்கு மேல் அதைத் தங்கள் பத்தில் சேர்க்கவே இல்லை.

முதல் பட்டியலின் உச்சியில் இருந்தது விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. அப்போது அது வெளிவந்து நான்கே ஆண்டுகள். போர் முடிந்த ரோம் நகரம், திருட்டுப்போன சைக்கிள், அதைத் தேடி அலையும் ஒரு தகப்பன், கூடவே நடக்கும் சிறுவன். கடைசியில் அந்தத் தகப்பனே ஒரு சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான். அவனை மன்னிக்கும்படியும் படம் கெஞ்சவில்லை, அவன்மேல் குற்றம் சாட்டவும் இல்லை. பையன் அவன் கையைப் பிடித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறது. 1950இல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்த சத்யஜித் ராய், ஐந்தாண்டுகளில் 'பதேர் பாஞ்சாலி'யைக் கொண்டுவந்தார். ஒரு படம் இன்னொரு கலைஞனுக்குள் எதைத் திறந்துவிடுகிறது என்பதும் பெருமையின் அளவுகோல்தான். பட்டியல்களால் அதை எண்ண முடிவதில்லை.

1952இல் முதல் பத்துக்குள் வராத ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' 1962இல் முதலிடத்துக்கு வந்து, 2002 வரை ஐந்து வாக்கெடுப்புகளில் அங்கேயே இருந்தது. 1941இல் அது வெளியானபோது பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட்டின் எதிர்ப்பால் வசூலில் அடிபட்டது. போருக்குப் பிறகு பாரிஸில் அதைப் பார்த்த விமர்சகர் ஆந்த்ரே பாஸான் போன்றோரின் எழுத்துதான் அதன் மதிப்பை உயர்த்தியது. அவர்கள் சுட்டிக்காட்டிய இடங்களில் ஒன்றை எவரும் இன்றும் சரிபார்க்கலாம். சிறுவன் கேனை வங்கிக்காரரிடம் ஒப்படைக்கும் பத்திரத்தில் தாய் கையெழுத்திடுகிறாள். அவளுக்கும் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, பனியில் பையன் விளையாடிக்கொண்டிருக்கிறான். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் முன்னால் இருப்பதையும் தொலைவில் இருப்பதையும் ஒரே துல்லியத்தில் பிடித்திருக்கிறார். தன் வாழ்க்கை கைமாறுவது பையனுக்குத் தெரியாது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சட்டத்துக்குள் தெரிகிறது. அங்கே தொழில்நுட்பமும் துயரமும் வெவ்வேறு அல்ல.

ஒரு படத்தின் தகுதியைப் பேசுமுன் அது பார்க்கக் கிடைத்ததா என்று கேட்க வேண்டும். ழான் ரெனுவாரின் 'ரூல்ஸ் ஆஃப் தி கேம்' 1939 ஜூலையில் பாரிஸில் திரையிடப்பட்டபோது கூச்சலும் வசவும்தான் கிடைத்தன. ரெனுவார் வெட்டிக் குறைத்தும் பயனில்லை. சில மாதங்களில் அரசு தடை விதித்தது. மூல நெகட்டிவ் போரில் குண்டுவீச்சில் அழிந்தது. மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து 106 நிமிடப் பிரதி ஒன்று 1959இல் உருவானது. குறைபட்ட வடிவிலேயே 1952 பட்டியலில் பத்தாம் இடத்தில் இருந்த படம், 1962இல் மூன்றாம் இடத்துக்கு ஏறியது வியப்பல்ல. 1952 முதல் 2012 வரை ஏழு பட்டியல்களிலும் முதல் பத்துக்குள் நின்றது இது ஒன்றே. ஒருமுறை முதலிடம் பெறுவதைவிட இந்த நிலைத்தன்மைக்கு எடை அதிகம். அதன் வேட்டைக் காட்சியில் முயல்களும் பறவைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கின்றன. சீமான்களின் காதல் விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதை அந்தச் சில நிமிடங்கள் ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகின்றன.

'வெர்டிகோ'வின் கதையும் இதற்கு நெருங்கியது. 1970களில் புழக்கத்திலிருந்து மறைந்து, ஹிட்ச்காக்கின் மறைவுக்குப் பிறகே மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. 1982இல் ஏழாம் இடம், பிறகு நான்கு, இரண்டு, ஒன்று. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 1953இல் எடுக்கப்பட்டும் நியூயார்க்கில் திரைக்கு வர 1972 ஆயிற்று. விமர்சகர்களின் முதல் பத்தில் இடம்பெற 1992 ஆயிற்று. அதே 1992இல்தான் 'பதேர் பாஞ்சாலி'யும் முதல் பத்துக்குள் நின்றது. அடுத்த ஆண்டே லண்டன் தீ விபத்தில் அதன் நெகட்டிவ் கருகியது. அதைச் சீராக்கி 2015இல்தான் புதிய பிரதி வெளிவந்தது.

2022இல் வாக்காளர் எண்ணிக்கை 1,639 ஆக உயர்ந்தது. பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் ஆக்கர்மானின் 'ழான் டீல்மான்' (1975) முந்தைய பட்டியலில் முப்பதைத் தாண்டிய இடத்திலிருந்து நேரே முதலிடத்துக்கு வந்தது. ஒரு பெண் இயக்கிய படம் அங்கே வருவது அதுவே முதல்முறை. 'வெர்டிகோ'வும் 'சிட்டிசன் கேனு'ம் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு இறங்கின. 'ரூல்ஸ் ஆஃப் தி கேம்' முதல் பத்தைவிட்டே வெளியேறியது. இயக்குநர் பால் ஷ்ரேடர், 'ழான் டீல்மான்' சிறந்த படமே என்று ஒப்புக்கொண்டபடியே இந்தத் திடீர் ஏற்றத்தை எதிர்த்தார். அவர் கவலையை ஒதுக்கிவிட முடியாது: வாக்காளர் கூட்டம் மாறினால் முடிவும் மாறும். ஆனால் பழைய கூட்டமும் ஒரு கூட்டம்தானே. தகராறு தீர வேண்டுமானால் எண்ணிக்கையை விட்டுப் படத்துக்குள் போக வேண்டும்.

ஆக்கர்மான் 'ழான் டீல்மா'னை எடுத்தபோது அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை. பிரஸ்ஸல்ஸில் மகனோடு வாழும் விதவை ஒருத்தியின் மூன்று நாட்கள். நீளம் 201 நிமிடங்கள். கேமரா அசைவதே இல்லை. விதவையாக நடிக்கும் டெல்ஃபின் செரிக் சமைக்கிறார், படுக்கையைச் சீராக்குகிறார், விளக்கை அணைக்கிறார். பிற்பகலில் வரும் ஆணிடம் பணம் வாங்கி, சூப் பாத்திரத்துக்குள் போட்டு மூடுகிறார். முதல் நாள் எல்லாம் கச்சிதம். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் அறைக்கு அறை போகிறார். பிறகு புதுக் கிழங்கு வாங்கிவந்து தோல் சீவும்போது கை நடுவிலேயே நின்றுவிடுகிறது. வேறெந்தப் படத்திலும் கவனத்துக்கே வராத அந்த நிறுத்தம், இங்கே நெஞ்சைப் பதறவைக்கிறது. முதல் நாளின் ஒழுங்கை அதன் முழு நீளத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் பிறழ்வு உடனே படும். நீளம் குறைத்திருக்கலாம் என்ற வாதம் இந்த இடத்தில் உடைகிறது. சமையலறைக் காட்சிகளை வெட்டினால், மூன்றாம் நாள் நடக்கும் கொலை எங்கிருந்தோ வந்து விழுந்த திருப்பமாகிவிடும். வெட்டாமல் பார்த்தவருக்கோ அது, வெந்து குழைந்த அந்தக் கிழங்கிலேயே தொடங்கிவிட்டிருக்கும்.