பாலத்தில் இல்லாத பெண்கள்

1957இல் வெளிவந்த டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தை வகுப்பில் திரையிட்டேன். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயக் கர்னல், தன் வீரர்களின் மானம் காக்கப் பாலம் கட்டுகிறார். படம் முடிந்ததும் குலசேகரத்திலிருந்து வரும் மாணவி, "இதுல நம்ம ஆளுக எங்க மேடம்?" என்றாள். அவள் அம்மா ரப்பர் பால் வெட்டுபவர்.

அவள் கேள்விதான் இந்தப் படத்துக்கான சரியான விமர்சனம். 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் சுமார் 60,000 போர்க்கைதிகள் வதைபட்டார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அதில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கற்கள் நிற்கின்றன. காலராவில் செத்த தமிழருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை.

1944இல் ஆஷ்விட்ஸிலிருந்து ஹாம்பர்க்குக்குக் கொண்டுவரப்பட்ட யூதப் பெண்கள், துணை முகாம்களில் அடைக்கப்பட்டு இடிபாடுகளை அள்ளினார்கள். நாஜிகள் அவர்கள் பெயரைப் பறித்து எண் கொடுத்தார்கள். உயிர்தப்பிய பெண்கள் பின்னர் வாய்திறந்து சாட்சி சொன்னார்கள். அதனால் அந்த வரலாற்றில் பெண் இருக்கிறாள். நம் பெண்களிடம் யார் போய்க் கேட்டோம்?

இந்த மௌனத்தில் நமக்கும் பங்குண்டு. 'ஆண்களைப் பிடித்துப் போனார்கள்' என்றே நாமும் எழுதுகிறோம். கணவனோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குப் போன பெண்களும் உண்டு. தோட்டத்தில் தங்கியவள் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். திரும்பி வராதவனுக்குத் தாலியறுப்பதா வேண்டாமா என்று அவள் தவித்த ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

நாஞ்சில் நாட்டில் இன்று 'ஊழியம்' என்றால் சபைப் பணி. திருவிதாங்கூர் ஆட்சியில் அது ஒடுக்கப்பட்ட சாதிகளிடம் கூலியில்லாமல் பறித்த வேலை. சொல் இருக்கிறது, வலி மறந்துவிட்டது. கட்டாய உழைப்பைப் பற்றிய எந்தப் படைப்பை வாசித்தாலும் அந்த மாணவியின் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: அன்று இரவு உலை வைத்தது யார்?