சாமிக்கும் ஃபேஷியல்

பார்லரில் ஃபேஷியல் என்றால் முகத்தைக் கழுவி, ஸ்க்ரப் போட்டு இறந்த செல்களைத் தேய்த்தெடுத்து, ஆவி பிடித்து, மசாஜ் செய்து, மேலே ஒரு பேக். சில நாள் பளபளக்கும். வயசு குறையாது.

நிஜமாகவே வயசைக் குறைத்தவர்கள் சிவகாசி காலண்டர்காரர்கள்தான். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் லட்சுமியைப் பாருங்கள். கன்னமெல்லாம் ரோஸ், மருந்துக்கும் ஒரு நிழல் கிடையாது. பக்கத்து ஊர் கோவில்பட்டி சி. கொண்டைய ராஜுதான் (1898–1976) இந்தக் கலைக்கு முன்னோடி. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகத் திரைச்சீலை வரைந்தவர். அவர் படங்களைப் பழைய அச்சில் தேடிப் பாருங்கள். ரோஸ் அங்கேயும் உண்டு. ஆனால் நிழலால் கன்னத்துக்கு ஒரு வளைவு, கண்ணில் ஒரு கனிவு. பின்னால் வந்தவர்கள் பலர் ரோஸை வைத்துக்கொண்டு நிழலைத் துடைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் மிச்சமும் போச்சு.

விருதுநகர் பக்கத்துக் காவல் தெய்வம் கருப்பசாமி. பெயரிலேயே கறுப்பு. அவரையே சில படங்களில் மாநிறத்துக்கு மேலே ஏற்றிவிட்டார்கள், மீசையை மட்டும் விட்டுவைத்து!

அந்தக் காலண்டருக்குக் கீழே நின்று தலைவாருகிற பெண், பார்லருக்குப் போனால் முதலில் கேட்கிறாள்: “கலர் கூடுமாக்கா?”