சுனாமிப் பலகையில் ஓர் அலை

2004 டிசம்பர் 26இற்கு முன்னர் ‘சுனாமி’ என்ற சொல்லைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் அறிந்திருந்தோர் மிகச் சிலரே. ஆங்கிலத்தின் வழியாக வந்த அந்த யப்பானியச் சொல், சில நாட்களுள் சிறுவர் வாயிலும் வழங்கலாயிற்று. அதற்கு உருவம் கொடுக்கும் பொறுப்பு வரைகலைஞரைச் சேர்ந்தது. 2008இல் வகுக்கப்பட்ட சர்வதேச நியமக் குறியீட்டில், சுருண்டு கவியும் பேரலையின் முன்னே மனித உருவொன்று மேட்டை நோக்கி ஓடுகிறது. இவ்வகைப் பலகைகள் இலங்கைக் கரையோரங்களிலும் நாட்டப்பட்டன.

ஓடும் மனிதனிற் குறைகாண இடமில்லை. எம்மொழியும் வாசிக்க அறியாதவரும் அவன் செல்லும் திசையை அறிவர். குறை அலையிலேயே உள்ளது. 1830களின் தொடக்கத்தில் ஹொக்குசாய் ஆக்கிய புகழ்பெற்ற அலையை அது நினைவூட்டுகிறது. அவ்வோவியமோ சுனாமியைக் காட்டுவதன்று என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. ஆழ்கடலிற் சுனாமியின் உயரம் பெரும்பாலும் ஒரு மீற்றரை எட்டுவதில்லை. படகிலிருப்போர் அதனை உணரார். கரையை அடைந்ததும் வெள்ளம்போல் ஏறி, நெடுநேரம் உட்பாய்கிறது. 2004இல் இலங்கைக் கரைகள் பலவற்றில் முதலலையின் பின் கடல் உள்வாங்கியது. வெளிப்பட்ட கடலடியைப் பார்க்கச் சென்றோரை அடுத்த அலை கொண்டுபோயிற்று. சுருண்ட முகட்டையே மனத்திற் பதித்தவனுக்கு, ஓசையின்றி வற்றும் கடல் அபாயமாகத் தோன்றுமா?

‘சு’ என்பது துறைமுகம், ‘நாமி’ அலை. கடலில் எதனையும் உணராது மீண்ட மீனவர் தம் துறை அழிந்துகிடக்கக் கண்டமையால் இப்பெயர் பிறந்தது என்பர். இயற்கைத் துறைமுகத்தாற் பெயர்பெற்ற ஊருக்கு இதனினும் நெருங்கிய சொல் வேறில்லை. சித்திரத்திலோ துறைக்கு இடமே இல்லை. தமிழிற் புதிதாக ஆக்கப்பட்ட ‘ஆழிப்பேரலை’யும் அலையின் பருமனையே பேசுகிறது. கடல் நிலத்தைக் கொள்வதைச் சுட்டும் ‘கடல்கோள்’ என்ற பழைய வழக்கே நிகழ்ந்ததற்கு அண்மையானது. அதனை வரைய முனைந்திருப்பின், முகட்டுக்குப் பதிலாக ஓடுபவனின் முழங்காலளவு ஏறிய நீர்மட்டத்தை ஒரு கிடைக்கோட்டாற் காட்டியிருக்கலாம்.

அவன் ஏறும் மேடும் சிந்திக்கத்தக்கது. கோணேசர் கோயில் அமைந்த குன்றுடைய நகருக்கு அது பொருந்தும். கிண்ணியாக் கரையோ தாழ்ந்த சமநிலம். மாடிக் கட்டடத்தை நோக்கி ஓடும் உருவமும் அதே நியமத்தில் உண்டு. கிண்ணியாவில் நாட்டத்தக்கது அதுவே.