'இரத்தப் படலம்': இதழ் இடைவெளியும் வாசக ஊகமும்

சித்திரக்கதை வாசகரின் ஊகங்களைச் சிறுவர் பொழுதுபோக்கெனத் தள்ளுவதற்கு 'இரத்தப் படலம்' தக்க மறுப்பாகும். தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களால் அச்சுத்தொழில் வளர்ந்த சிவகாசியில், 1972இல் இரும்புக்கை மாயாவியுடன் முத்து காமிக்ஸ் தொடங்கிற்று. 1984இல் லயன் காமிக்ஸ் தோன்றிற்று. வான் ஹாம் எழுத வில்லியம் வான்ஸ் வரைந்த இத்தொடரைத் தமிழில் தந்தது லயனே.

மாயாவி கதையில் புதிர், அவன் எவ்வாறு வெல்வான் என்பதோடு முடியும். இங்கு நாயகன் யார் என்பதே புதிர். நினைவிழந்த அவனுக்குக் கழுத்தெலும்பருகே பதின்மூன்று என்னும் ரோமன் எண் பச்சை குத்தப்பட்டுள்ளது. ஸ்டீவ் ரோலண்ட், ஜேசன் ஃப்ளை எனப் பெயர்கள் மாற, முன்னர் மெய்யெனக் கொண்டது ஐயத்துக்குள்ளாகிறது. பாகங்களோ ஆண்டுக்கணக்கில் இடைவிட்டு வந்தன. ஆகவே பழைய இதழ்களைக் காத்து வைத்து, புதியதனோடு ஒப்பிட்டே வாசகர் ஊகிக்க வேண்டியிருந்தது. சுவடி ஒப்புநோக்குவோர் உழைப்புக்கு இது வெகுதொலைவன்று.

பின்னர் வந்த பெருந்தொகுப்பில் விடை சில பக்கங்களிலேயே கிடைத்துவிடுகிறது. சேகரிப்போருக்கு அது பேறுதான். ஆயினும் தொகுப்பை மட்டும் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர் அக்காத்திருப்பைக் காண இயலாது. தனி இதழ்களையும் அவற்றின் வாசகர் கடிதங்களையும் தேடியாக வேண்டும்.